டைட்டில் வாங்கப் போகும் முன்: மதுரை வட்டார இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

ஏழாவது செமஸ்டர் தொடங்கி, பேட்ச் பிரித்து, யாருக்கு யார் கைடு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பார்கள். ஜீரோத் ரிவ்யூவுக்கு இன்னும் சில வாரங்கள்தான். திருப்பரங்குன்றத்திலிருந்து விரகனூர் வரை, அழகர்கோவில் சாலையிலிருந்து திருமங்கலம் வரை பொறியியல் படிக்கும் உங்களில் சிலர், 'டொமைன்' என்ற கட்டத்தில் 'நெட்வொர்க்கிங்' என்றோ 'நெட்வொர்க் செக்யூரிட்டி' என்றோ எழுதிக் கொடுத்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் இந்த மடல். மற்ற டொமைன்காரர்களும் படிக்கலாம், தடையில்லை.

அடுத்து நடப்பது ஊரறிந்த கதை. சீனியர் ஒருவர் ப்ராஜெக்ட் சென்டர் நம்பர் தருவார். மாடிப்படி ஏறிப் போனால் லேமினேட் செய்த டைட்டில் பட்டியல் ஒன்றை நீட்டுவார்கள். 'செக்யூர்', 'எஃபிஷியன்ட்', 'நாவல்', 'பிளாக்செயின் பேஸ்டு' என்ற நான்கு சொற்களை இடம் மாற்றிப் போட்டால் அந்தப் பட்டியலில் பாதி வந்துவிடும். பேஸ் பேப்பர், கோட், பிளாக் டயக்ரம், பைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரே ரேட். சிமுலேஷன் வரைபடத்தில் 'எக்சிஸ்டிங் சிஸ்டம்' கீழே கிடக்கும், 'ப்ரபோஸ்டு சிஸ்டம்' மேலே ஏறும். அது இறங்கி ஒருநாளும் நான் பார்த்ததில்லை. எந்த ஊர் நெட்வொர்க், எந்தக் கம்பத்தில் தொங்குகிறது என்று எக்ஸ்டர்னலும் கேட்க மாட்டார்.

உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பிளேஸ்மென்ட் ஒரு பக்கம், அரியர் ஒரு பக்கம், கைடுக்கு இருபது பேட்ச். ஆனாலும் கேட்கிறேன்: நெட்வொர்க்கில் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை என்றோ, இருந்தாலும் அது கலிஃபோர்னியாவில்தான் நடக்கும் என்றோ நம்பித்தானே டைட்டில் வாங்கப் போகிறீர்கள்? அந்த நம்பிக்கை தப்பு என்று காட்ட நமக்குப் பக்கத்திலேயே இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று மேலூர், இன்னொன்று தேனி.

அதற்கு முன் பேடன்ட் பற்றி ஒரு வார்த்தை. இப்போது ப்ராஜெக்டோடு சேர்த்து 'பேடன்ட் பப்ளிகேஷன்' என்றும் விற்கிறார்கள். வாங்கியவர்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள், துறைத்தலைவர் பொன்னாடை போர்த்துகிறார். இந்தியச் சட்டப்படி எந்த விண்ணப்பமும் 18 மாதம் கழிந்தால் தானாகவே பேடன்ட் இதழில் வெளியாகும். படிவம் 9 கொடுத்துக் கட்டணம் கட்டினால் அதற்கும் முன்பே வெளியிட்டுவிடுவார்கள். வெளியானது என்றால் விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று அர்த்தம், அவ்வளவே. அதில் புதுமை இருக்கிறதா என்று அதிகாரி பார்ப்பது, தனியே பரிசோதனைக்கு விண்ணப்பித்த பிறகு. கல்வி நிறுவனங்களுக்கு 2021இல் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். விளைவாக வந்ததில் பெரும்பகுதி குப்பை. சட்டத்தின் 3(கே) பிரிவு, வெறும் கணினி நிரலும் அல்காரிதமும் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. ஆகவே 'சாஃப்ட்வேர் முறையில் பாதுகாப்பான ரவுட்டிங்' என்று எழுதி அனுப்புவது பெரும்பாலும் அந்தப் பிரிவிலேயே மோதி நிற்கும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இணையத்தின் அடித்தளமான டி.சி.பி./ஐ.பி. முறையை 1974இல் எழுதிய வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் அதற்குப் பேடன்ட் வாங்கவில்லை. எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ., வைஃபை சார்ந்த தன் 1996ஆம் ஆண்டுப் பேடன்டை வைத்துப் பெரிய நிறுவனங்களிடமிருந்து பல கோடி டாலர் வாங்கியது. இரண்டிலும் முதலில் ஒரு நிஜமான சிக்கல் இருந்தது, தீர்வு வந்தது. காகிதம் அதற்குப் பின்னால் வந்தது.

இனி மேலூர்.

2001இன் இறுதி. கிராமத்தில் போன் இணைப்புக்கே காத்துக்கிடந்த காலம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோடும் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா இணைப்பு முறையை உருவாக்கியிருந்தது. ஐரோப்பாவில் வீட்டுக்குள் பயன்படுத்தும் கார்ட்லெஸ் போனுக்கான தரத்தை எடுத்து, அதை ஊர் விட்டு ஊர் பேச வைத்தார்கள். நடுவில் ஒரு கோபுரம். சுற்றி 10 கிலோமீட்டருக்குள், கோபுரத்தை நேர்பார்வையில் பார்க்கும் எந்தக் கூரையிலும் ஒரு ஆன்டெனா வைத்தால் போனும் இணையமும் கிடைக்கும். இணைய வேகம் நொடிக்கு 35 கிலோபிட், போன் பேசாத நேரத்தில் 70. இன்று உங்கள் போனில் எடுக்கும் 3 எம்.பி. படம் ஒன்றை அந்த 35இல் அனுப்பினால் பதினொரு நிமிடத்துக்கு மேல் ஆகும். சிரிக்காதீர்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் அது வந்தது.

அதை வைத்து மேலூர் தாலுகாவில் 'சாரி' என்ற திட்டம் நடந்தது. ஐ.ஐ.டி.யோடு எம்.ஐ.டி., ஹார்வர்ட் ஆய்வாளர்களும் இருந்தார்கள், களத்தில் இணைப்புக் கொடுத்தது என்-லாக் நிறுவனம். ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் சிறு கடை போல இணைய மையங்கள் வந்தன. ஒரு கம்ப்யூட்டர், பிரின்டர், வெப்கேமரா, பேட்டரி, தமிழில் தட்டச்சு செய்யச் சென்னை கவிகள் நிறுவனத்தின் மென்பொருள், எல்லாம் சேர்த்துச் சுமார் 50,000 ரூபாயில் அடங்கும்படி திட்டமிட்டார்கள். முதியோர் உதவித்தொகை மனுவும் பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்களும் அங்கிருந்தே தாலுகா அலுவலகத்துக்குப் போயின. பார்வை மங்கியவரை நாற்காலியில் உட்கார வைத்து, மையத்துக்காரர் வெப்கேமராவில் கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார். மருத்துவர் பார்த்து, வரச்சொல்வதா வேண்டாமா என்று பதில் எழுதினார்.

சில ஆண்டுகளில் மையங்கள் ஒவ்வொன்றாக மூடின. மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் இருவரும் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கடைக்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை. தாலுகா அலுவலகத்தில் ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும், கணினி வழி மனுக்கள் குறைந்தன. ரேடியோ வேலை செய்தது, தாலுகா அலுவலகம் வேலை செய்யவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடத் தோன்றும். அது நியாயமில்லை. மனு போய்ச் சேர்ந்ததா, யார் மேசையில் இருக்கிறது என்று அனுப்பியவருக்குத் திரும்பச் சொல்லும் வழியைக் கட்டுவதும் நெட்வொர்க் வேலைதான். பாக்கெட்டுக்கு 'வந்து சேர்ந்தது' என்று சொல்லும் ஏ.சி.கே. இருந்தது, மனுவுக்கு இல்லை.

இனி தேனிக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் உங்கள் சிலபஸில் உள்ள ஒரு பாடம் முழுக்க அங்கே கோபுரத்தின் மேல் தலைகீழானது.

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் மருத்துவமனை. அதன் தேனிக் கிளையைச் சுற்றி ஆண்டிப்பட்டி போன்ற ஊர்களில் 'விஷன் சென்டர்' என்ற சிறு கண் நிலையங்கள் வந்தன. நிலையத்தில் மருத்துவர் இருக்க மாட்டார், பயிற்சி பெற்ற செவிலியர் இருப்பார். கண்ணைச் சோதித்துவிட்டு, தேனியில் இருக்கும் மருத்துவரோடு நோயாளியை வீடியோவில் பேச வைக்க வேண்டும். 2005 வாக்கில் அந்த ஊர்களுக்கு வீடியோ ஓடும் அளவுக்குக் கம்பி இணைப்புக் கிடையாது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையில் இருந்த 'டியர்' என்ற ஆய்வுக்குழு ஒரு யோசனையோடு வந்தது: கடையில் விற்கும் சாதாரண வைஃபை கார்டையே எடுத்து, பெரிய ஆன்டெனா மாட்டி, ஊருக்கு ஊர் இழுத்தால் என்ன? 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்களில் சில கருவிகள் ஏறின. மற்றவை மொட்டை மாடிக் கம்பங்களில். ஒன்று, ஜவுளி ஆலை வளாகத்துப் புகைபோக்கியின் மேல். மிக நீளமான இணைப்பு ஆண்டிப்பட்டிக்குப் போனது, ஏறத்தாழ 15 கிலோமீட்டர்.

சிக்னல் போனது. ஆனால் வேகம் வரவில்லை.

ஏன் என்று உங்கள் பாடப்புத்தகத்தை வைத்தே பார்ப்போம். வைஃபையின் விதி, பேசுவதற்கு முன் கேள் என்பது. காற்றில் யாரும் பேசவில்லை என்றால்தான் அனுப்பலாம். பாக்கெட் போய்ச் சேர்ந்தால் எதிர்முனை உடனே ஏ.சி.கே. அனுப்ப வேண்டும், வரவில்லையென்றால் தொலைந்தது என்று கொண்டு மறுபடி அனுப்ப வேண்டும். வீட்டு ஹாலுக்குள் இது சரி. ரேடியோ அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர்தான் போகும். 15 கிலோமீட்டருக்கு 50 மைக்ரோநொடி, போய் வர 100. பழைய 802.11பி தரத்தில் ஒரு ஸ்லாட்டின் நீளமே 20 மைக்ரோநொடி, அதற்குள் அலை 6 கிலோமீட்டர்தான் கடந்திருக்கும். ஆக ஆண்டிப்பட்டிப் பக்கத்தில் 'காற்று காலி' என்று கேட்கும்போது எதிர்முனை ஏற்கெனவே பேசத் தொடங்கியிருக்கும். ஏ.சி.கே. பாதி வழியில் வந்துகொண்டிருக்கும்போதே அனுப்பியவர் பொறுமையிழந்து அதே பாக்கெட்டை மறுபடி தள்ளுவார். இரண்டும் மோதும். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைக்கலாம், அப்படி வைத்தால் நேரமெல்லாம் காத்திருப்பதிலேயே போகும்.

இன்னொரு சிக்கல் கோபுரத்தின் உச்சியில். ஒரே கம்பத்தில் இரண்டு ஊர்களைப் பார்க்கும் இரண்டு ஆன்டெனாக்கள். இடது ஆன்டெனா ஆண்டிப்பட்டியின் மெல்லிய சிக்னலைக் கேட்க முயலும்போது, ஒரு கை தூரத்தில் வலது ஆன்டெனா அடுத்த ஊருக்கு உரக்கக் கத்துகிறது. காதில் எதுவும் விழாது. இதற்கு முன்பே கான்பூர் ஐ.ஐ.டி.யில் பாஸ்கரன் ராமன், காமேஸ்வரி செப்ரோலு இருவரும் கங்கைச் சமவெளி கிராமங்களில் இதே சிக்கலைச் சந்தித்து, 2005இல் ஒரு வழி சொல்லியிருந்தார்கள்: கம்பத்தில் உள்ள எல்லா ஆன்டெனாக்களும் ஒரே நேரத்தில் பேசட்டும், பிறகு ஒரே நேரத்தில் கேட்கட்டும். ஒன்று கத்தும்போது இன்னொன்று கேட்க முயல்வதுதானே தொல்லை? எளிமையாகத் தெரிகிறது அல்லவா? கம்பத்தடியில் நிற்காதவருக்கு இது தோன்றாது. சிமுலேட்டரில் பக்கத்து ஆன்டெனா கத்துவதில்லை.

தேனிக் குழு அதன்மேல் கட்டியது. ராபின் பத்ரா, செர்கியு நெடெவ்ஸ்கி, சோனேஷ் சுரானா, அன்மோல் ஷேத், லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன், எரிக் ப்ரூவர் ஆகிய ஆறு பேர் 2007இல் வெளியிட்ட கட்டுரையில் அந்த முறைக்கு 'வைல்ட்நெட்' என்று பெயர். கேட்டுவிட்டுப் பேசும் விதியையே அணைத்துவிட்டார்கள். போடி லைனில் ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர் வண்டி வரும்வரை ஸ்டேஷனில் வண்டி நிற்குமே, அதுபோல நேரத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள்: இத்தனை மில்லிநொடி நீ, இத்தனை மில்லிநொடி நான். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஏ.சி.கே. கேட்பதை விட்டு, ஒரு முறை வந்ததற்கெல்லாம் சேர்த்து ஒரே ரசீது. வழியில் தொலையும் பாக்கெட்டுகளை மறுபடி கேட்காமலே மீட்டுக்கொள்ளக் கொஞ்சம் உபரித் தகவலும் சேர்த்து அனுப்பினார்கள். வழக்கமான வைஃபையை எவ்வளவு சீர்செய்தாலும் கிடைக்கும் வேகத்தைப்போல இரண்டு முதல் ஐந்து மடங்கு கிடைத்தது. கார்டு அதே கார்டு, மாறியது அது எப்போது வாய் திறக்கலாம் என்ற விதி மட்டும். அதே ஆண்டு வெனிசுவேலாவில் எர்மானோ பியெட்ரோசெமோலி குழுவினர் மலைக்கு மலை 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்புக் கொடுத்தார்கள். அதிலும் பெர்க்லிக் குழுவின் இந்த முறைக்குப் பங்கு உண்டு.

இவ்வளவு போதும் என்று நினைத்திருந்தால் அது இன்னொரு வெற்றிக்கதையாக முடிந்திருக்கும். முடியவில்லை. வலை அடிக்கடி விழுந்தது. அந்தக் குழுவே 2008இல் எழுதிய இரண்டாவது கட்டுரை, விழுந்த கதைகளின் தொகுப்பு. எனக்கு முதலாவதைவிட அதுவே பெரிய கட்டுரை. கிராமத்து மின்கம்பியில் கருவி வைத்து அளந்தார்கள். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 1000 வோல்ட் வரை திடீர் ஏற்றங்கள் பதிவாயின. போர்டுகள் கருகின, ஈதர்நெட் போர்ட்டுகள் செத்தன. அதைவிடத் தொல்லை மின்னழுத்தம் தாழ்வது. முழுக்கக் கரண்ட் போனால் ரூட்டர் அணைந்து, வந்ததும் எழுந்துவிடும். பாதிக் கரண்டில் அது அணையவும் செய்யாமல் ஓடவும் செய்யாமல் உறைந்து நிற்கும், மெமரி கார்டு கெட்டுப்போகும். யாராவது ஏறிப்போய் ஸ்விட்சை அணைத்துப் போட வேண்டும். அழுத்தம் குறைந்தால் இணைப்பைத் தானே துண்டிக்கும் சிறு சர்க்யூட்டை வைத்ததும் அந்தப் பயணம் மிச்சமானது. இ.சி.இ. தம்பிகளே, இந்த வரியை மறுபடி படியுங்கள். ஒரு நெட்வொர்க்கை வாழவைத்தது பாக்கெட் அல்காரிதம் மட்டுமல்ல, சில ரூபாய் பெறும் ரிலேயும் கம்பாரேட்டரும்.

முகவரி விஷயத்திலும் அங்கே ஒரு நல்ல யோசனை பிறந்தது. நடுவில் ஒரு ரூட்டரின் ரவுட்டிங் கெட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் எதையும் தொடமுடியாது, அந்த ஊருக்கு வண்டி ஏறித்தான் போகவேண்டும். ஆகவே ஒவ்வொரு இணைப்பின் இரண்டு முனைகளுக்கும், ரவுட்டிங்கோடு சம்பந்தமே இல்லாத தனி முகவரிகளை வைத்தார்கள். எல்லாம் கெட்டாலும் பக்கத்து ரூட்டருக்குள் நுழையலாம், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு, இப்படிப் படிப்படியாக. அந்த ரூட்டர்கள் நாட்டுக்குப் பின்னால் இருந்ததால் (நாடு அல்ல, முகவரி மாற்றும் 'நாட்') வெளியிலிருந்து அவற்றை அழைக்க முடியாது. அவையே வெளியே அழைத்து, மறையாக்கம் செய்த குகைவழி ஒன்றைத் திறந்து வைத்தன. அதன் வழியாகப் பெர்க்லியில் இருப்பவர் தேனிக் கருவியைச் சரிசெய்தார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ரூட்டரும் தன் உடல்நிலையைத் தானே எழுதி அனுப்பியது.

'இதெல்லாம் இருபது வருடக் கதை, இப்போது எல்லா இடத்திலும் ஃபைபர், 5ஜி' என்பீர்கள். சரி, இப்போதைய மதுரைக்கு வருவோம். இன்று இரவு உங்கள் வீட்டு ரூட்டரின் அட்மின் பக்கத்தைத் திறந்து, 'வான்' (WAN) முகவரி என்ற வரியைப் பாருங்கள். கேபிள்காரரிடம் வாங்கிய இணைப்பாக இருந்தால், அது 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் உங்களுக்கென்று உலகத்தில் முகவரி இல்லை. உங்கள் தெருவும் அடுத்த தெருவும் சேர்ந்து ஒரே பொது முகவரியின் பின்னால் நிற்கிறீர்கள்.

ஐ.பி.வி.4 முகவரி 32 பிட், மொத்தம் சுமார் 430 கோடி. உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது, ஆசியாவுக்கான பங்கில் கடைசித் தொகுதி மட்டும் மிஞ்சியது அதே ஆண்டு ஏப்ரலில். 1994இல் தற்காலிக ஒட்டாக முன்வைத்த நாட், இன்றுவரை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. 2012இல் இணைய நிறுவனங்களே தங்களுக்குள் பெரிய அளவில் நாட் செய்துகொள்ள அந்த 100.64 தொகுதியை ஒதுக்கினார்கள். மொபைலில் நிலைமை வேறு. 2016இல் ஜியோ வந்த பிறகு, ஐ.பி.வி.6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. உங்கள் போனில் 128 பிட் முகவரி, உங்கள் வீட்டு வைஃபையில் ஓசி முகவரி. இந்த இடைவெளியில் எவ்வளவோ வேலை கிடக்கிறது. பக்கத்துக் கேபிள்காரர் ஐ.பி.வி.6க்கு மாற எது தடை? பணமா, பழைய ஓ.எல்.டி.யா, ஐரின் அமைப்பில் முகவரி வாங்கத் தெரியாததா, இல்லை 'எதுக்குத் தம்பி, நல்லாத்தானே ஓடுது' என்பதா? ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டு, அவர் வலையில் ஒரே ஒரு ஸ்ப்ளிட்டருக்குக் கீழே மாற்றிக் காட்டுங்கள். அது ஒரு ப்ராஜெக்ட். எந்தச் சென்டரிலும் விற்கமாட்டார்கள்.

இதிலேயே காவல்துறை சம்பந்தப்பட்ட முடிச்சு ஒன்றும் இருக்கிறது. சைபர் குற்றப் பிரிவு ஒரு ஐ.பி. முகவரியைக் காட்டி யாரென்று கேட்டால், இருநூறு வீடுகள் அதன் பின்னால் இருக்கும்போது முகவரியும் தேதியும் மட்டும் போதாது. போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை அரசு நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி எழுதினால் சிறிய நிறுவனத்தின் ஹார்ட் டிஸ்க் எவ்வளவு நாளில் நிரம்பும்? போர்ட்டுகளைக் கட்டுக்கட்டாக முன்பே ஒதுக்கினால் எத்தனை வரி குறையும்? ஆட்கள் எங்கெங்கே போனார்கள் என்ற அந்தரங்கம் எவ்வளவு காக்கப்படும்? நிஜமான கேள்விகள் இவை. விடை தெரிந்தால் நாளைக்கே வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் ஹேக்கிங் பக்கம் ஓடுகிறீர்கள், பிளாக்செயின் பக்கம் ஓடுகிறீர்கள். 2016இல் 'மிராய்' என்ற நிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான சி.சி.டி.வி. கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்து, அக்டோபரில் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களை முடக்கியது. அது உபயோகித்த ஆயுதம், கம்பெனி வைத்து அனுப்பிய அறுபது சொச்சம் யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகள். கடைக்குக் கேமரா மாட்ட வருபவர் பெட்டியில் வந்த பாஸ்வேர்டை அப்படியே விட்டுப் போவது நம் ஊர் வழக்கமும்தான். நான் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மொத்தக் கடையில் நெட்வொர்க் வேலைக்குப் போயிருந்தபோது, டி.வி.ஆர். பெட்டியின் மேலேயே பாஸ்வேர்டை மார்க்கரில் எழுதி வைத்திருந்தார்கள். 'மறந்துடக்கூடாதுல்ல சார்' என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எழுதி வைக்கத் தேவையில்லாத, ஆனால் திருடனுக்கும் தெரியாத ஒரு வழியை அவருக்குச் செய்து கொடுப்பதுதான் கண்டுபிடிப்பு. ஒரு எச்சரிக்கை: அடுத்தவர் கருவியை அனுமதியில்லாமல் தட்டிப் பார்ப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66ஆம் பிரிவுகளின்படி குற்றம். கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு தொடுங்கள். 'ப்ராஜெக்டுக்காகச் செய்தேன்' என்பது காவல் நிலையத்தில் எடுபடாது.

கைடுகளுக்கும் இந்த மடல் எட்டும் என்று நம்புகிறேன். அய்யா, அம்மா, உங்களுக்கு இருபது பேட்ச், ஏகப்பட்ட ஃபைல் வேலை, தெரியும். ஆனால் 'ஐ.ட்ரிபிள்.ஈ. பேப்பர் இருந்தால்தான் டைட்டில் அப்ரூவல்' என்ற ஒரு நிபந்தனையே பிள்ளைகளை அந்த மாடிப்படி ஏற்றுகிறது. 'ஒரு மாதம் அளந்த டேட்டா இருந்தால் போதும்' என்று மாற்றிப் பாருங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்கள் ஊரில் ஃபைபர் எப்போது அறுகிறது, யார் அறுக்கிறார்கள் (ரோடு போடும் ஜே.சி.பி.யா, மரம் வெட்டுபவரா, எலியா), சரிசெய்ய எத்தனை மணி நேரம் என்று ஒரு பருவம் முழுக்கக் குறித்து வைத்தாலே, மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கம்பி இழுக்கும் டான்ஃபினெட்டுக்கு அது தேவைப்படும் தகவல். முடிவு 'எக்சிஸ்டிங் சிஸ்டமே பரவாயில்லை' என்று வந்தாலும் மார்க் போடுங்கள். அப்படி வரும் ப்ராஜெக்டைத்தான் நான் முதலில் நம்புவேன்.

தம்பி, தங்கைகளே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சென்டருக்கு அட்வான்ஸ் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அந்த ஒரு வாரத்தில் உங்கள் ஊர்க் கேபிள்காரரின் அறைக்கு ஒருநாள் போங்கள். ஃபைபர் ஒட்டுபவரோடு ஒரு மதியம் கம்பத்தடியில் நில்லுங்கள். எது அடிக்கடி நின்றுபோகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதோடு, நான் மேலே சொன்ன தேனிக் கட்டுரைகள் இரண்டும் யூசெனிக்ஸ் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. 2008இல் வந்ததை முதலில் படியுங்கள், அதிலும் மின்சாரம் பற்றிய பகுதியை. பேஸ் பேப்பர் கேட்டால் அதைக் காட்டுங்கள், எந்த ரிவ்யூவிலும் செல்லும்.

அன்புடன்,
மதுரையில் நெட்வொர்க் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன் ஒருவன்